மடக்கி உழுவதற்கென்று ஒரு விதைப்பு

திருவிவிலியத்தை முதலேட்டிலிருந்து இறுதியேடு வரை புரட்டினாலும் ஓட்ஸ் என்னும் தானியத்தைக் காண இயலாது. கோதுமை உண்டு; வாற்கோதுமை உண்டு; எசேக்கியேல் இறைவாக்கினர் அப்பம் சுடுவதற்குச் சேர்த்த பண்டங்களில் தினையும் பயறும் கூட உண்டு. நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் குறித்து வைத்திருக்கிறார். ஓட்ஸ் மட்டும் எங்கும் இல்லை. ஆயினும் முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க வீடு வீடாகச் செல்லும் நாம், அடுக்களைப் பலகையில் ஓட்ஸ் பொட்டலம் இல்லாத வீட்டை இந்நாளில் அரிதாகவே காண்கிறோம். சர்க்கரை நோய்க்காரருக்கு ஓட்ஸ் கஞ்சி. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவருக்கு ஓட்ஸ் கஞ்சி. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ப்பொருள் கொழுப்பைக் குறைக்கவல்லது என்பதை 1997ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் ஏற்று, பொட்டலத்தின் மேல் அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் அளித்தது. நம் வீடுகளில் கொதிக்கும் ஓட்ஸில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருவது. வடக்கே பஞ்சாபிலும் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஓட்ஸ் பயிரிடுகிறார்கள். ஆனால் அங்கே அது பெரிதும் மாட்டுத் தீவனம். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, ஐம்பது அறுபது நாட்களில் பசுமையாக அறுத்துக் கறவை மாடுகளுக்கு இடுவர். அடிக்கட்டையைச் சற்று உயரமாக விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும் என்பதால் இரண்டாம் முறையும் அறுக்கலாம்.

இத்தானியத்தின் பிறப்பு வரலாறு மறையுரையில் வைத்துச் சொல்லத் தக்கது. ஆதியில் இது பயிரே அன்று; மேற்காசியாவின் கோதுமை, வாற்கோதுமை வயல்களில் முளைத்த களை. விதைக் கோதுமையை எடுத்துக்கொண்டு உழவர்கள் ஐரோப்பாவின் வடபுலம் நோக்கிச் சென்றபோது, விதையோடு விதையாகக் களையும் சென்றது. குளிரும் ஈரமும் மிகுந்த அந்நிலங்களில் கோதுமை நலிந்தது, களை செழித்தது. இறுதியில் உழவன் களையையே பயிராக ஏற்றுக்கொண்டான். மத்தேயு நற்செய்தியில் அறுவடை வரை களையையும் வளர விடச் சொல்லும் நிலக்கிழாரை நாம் அறிவோம். அந்த உவமையின் களை வேறு, இது வேறு என்பதையும் அறிவோம். இருப்பினும், பறித்தெறியப்படாமல் நின்ற ஒரு களை பின்னாளில் ஓர் இனத்துக்கே கஞ்சியாயிற்று என்பதை நினைக்குந்தோறும் அந்த நிலக்கிழார்மேல் நமக்கு மதிப்புக் கூடுகிறது.

ஸ்காட்லாந்தில் அது மக்கள் உணவு. இங்கிலாந்தில் குதிரை உணவு. அமெரிக்காவிலும் பெரிதும் குதிரைக்கே. 1920ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டில் ஓட்ஸ் விளைந்த பரப்பு 4 கோடி ஏக்கருக்கும் மேல். டிராக்டர் வந்தது, குதிரை போயிற்று, குதிரையின் பின்னாலேயே ஓட்ஸும் போயிற்று. இன்று அங்கே அது விதைக்கப்படும் பரப்பு 30 இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. போனது ஒரு தீவனம் மட்டும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அயோவா போன்ற மாநிலங்களில் மக்காச்சோளத்தை அடுத்த ஆண்டு ஓட்ஸ் விதைப்பதும், அதன் நிழலில் குளோவர் என்னும் தீவனப் பயிரைச் சேர்த்தே விதைப்பதும் பழைய வழக்கம். ஓட்ஸை அறுத்த பின் குளோவர் மேலெழும்பி நிலத்தை மூடும். குழந்தையைச் செவிலி வளர்ப்பதுபோல் ஒரு பயிர் மற்றொன்றை வளர்த்தது. ஓட்ஸ் நீங்கியதும் அந்தச் சுழற்சியே அறுந்தது. மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி வர, அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் மண் வெற்றுடம்பாய்க் கிடக்கலாயிற்று.

அங்குள்ள உழவர்கள் சிலர் இப்பொழுது ஓட்ஸை வேறொரு நோக்கத்துக்காகத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். கோடை முடியும் தறுவாயில் விதைக்கிறார்கள். அது முழங்காலளவு, இடுப்பளவு வளர்கிறது. பின் கடும்பனி வந்து அதைக் கொன்றுவிடுகிறது. பட்ட தாள் அப்படியே மண்மேல் சாய்ந்து, பனிக்காலம் முழுவதும் போர்வையாய்க் கிடக்கிறது. இளவேனிலில் அதன் நடுவே அடுத்த பயிரை விதைக்கிறார்கள். ஒரு மணி கூடக் களத்துக்கு வருவதில்லை. சாகட்டும் என்றே விதைக்கும் இவ்விதைப்பைப் பற்றிப் படித்த நாளிலிருந்து நம் பங்குக்குரிய ஏழு ஏக்கர் செம்மண் நம் கண்முன் வந்து நின்றது.

நம் பங்கு இருப்பது தென்பாண்டிச் சீமையின் மானாவாரிப் பகுதி. இங்கே ஓட்ஸ் விளையாது; விளைய வேண்டிய தேவையும் இல்லை. அதன் உடன்பிறப்பைப் போன்ற ஒன்று நம்மிடம் உண்டு. மற்றைய மாவட்டங்களில் கொள்ளு என்பர். எங்கள் பக்கத்தில் காணம். தென்னிந்தியப் புதிய கற்கால மக்களின் குடியிருப்புகளில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காணம் கரிந்த மணிகளாகக் கிடைத்திருக்கிறது. அது வெளியூரிலிருந்து வந்ததன்று. இம்மண்ணிலேயே மனிதன் பழக்கிய பயிர். ஆங்கிலேயர் அதற்குக் குதிரையின் பெயரையே சூட்டினர். குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் ஏர்மாட்டுக்கும் அதை வேகவைத்து ஊட்டினர். ஏழைகள் துவையல் அரைத்தும் சாறு வைத்தும் உண்டனர். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம் பாட்டிமார் எந்த மருத்துவ நிர்வாகத்தின் அனுமதிக்கும் காத்திராமலே சொல்லி வந்தனர். கமலை இறைப்புப் போய் மின்மோட்டார் வந்தது, ஏர் போய் டிராக்டர் வந்தது, தொழுவம் காலியாயிற்று, காணமும் குறைந்தது. குதிரையோடு ஓட்ஸ் போன கதைதான், வரிக்கு வரி. காணம் விளைந்த காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, கடல் கடந்து வந்த ஓட்ஸைக் காசு கொடுத்து வாங்கிக் கரைத்துக் குடிக்கும் நம் மக்களை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்பது வாசகர்களின் விருப்பம்.

காணத்தின் சிறப்பு, அதனை மூவர் கேட்பதில் இருக்கிறது. மனிதன் மணியைக் கேட்கிறான். மாடு கொடியையும் பொட்டையும் கேட்கிறது. மண்ணோ முழுச்செடியையும் கேட்கிறது. மூவருக்கும் ஒருசேரக் கொடுத்தல் இயலாது. காய் முற்றட்டும் என்று விட்டால், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தந்த தழைச்சத்தின் பெரும்பங்கு மணிக்குள் ஏறிவிடும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலைதான். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் சத்து முழுவதும் மண்ணுக்கு; மனிதனுக்கு ஒரு பிடி மணியும் இல்லை. ஓட்ஸிலும் இதே வழக்குத்தான். பசுமையாக அறுத்தால் தானியம் இல்லை. தானியம் எடுத்தால் மிஞ்சுவது மஞ்சள் வைக்கோல். நிலத்திலேயே விட்டால் இரண்டும் இல்லை.

எங்கள் பகுதியில் மண்ணின் வழக்குக்கு அவசரம் மிகுதி. ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து ஆவணி வரை அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழியன்று, அனுபவம். குதிரைமொழித் தேரியிலும் சாத்தான்குளம் சுற்றுப்புறத்திலும் மேடுமேடாய்க் கிடக்கும் செம்மணல், காலங்காலமாகக் காற்று அள்ளிக் குவித்தது என்பர் நிலவியலார். கடலையைப் பிடுங்கிய நிலம் உழுதாற்போல் பொலபொலவென்று கிடக்க, அதன்மேல் ஆடிக்காற்று அடிக்கும் காட்சியைப் பார்த்தவர்க்குத் தேரி எப்படிப் பிறந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கோவில் நிலத்து மண், நண்பகல் மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும் வேளையில் புகையாய் எழுந்து கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகள்மேல் படிவதை நாமே பலமுறை கண்டோம்.

ஆகவே, சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழையில் காணத்தை நெருக்கமாக விதைக்க வேண்டும். தானியத்துக்கென்றால் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ விதைப்பார்கள். பகல் குறுகிய அந்நாட்களில் பனியைக் குடித்தே பூத்துக் காய்க்கும். பகல் நீண்ட கோடையில் விதைத்தாலோ காய்க்கச் சுணங்கி, கொடியாகவே படரும். தானியத்துக்கு அது குறை. மூடுபயிருக்கு அதுவே நிறை. ஆடியில் கொடி மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு கிடக்கும். புரட்டாசியில் மழை கண்டதும் மடக்கி உழுதுவிட்டால், ஐப்பசி விதைப்புக்குள் மக்கி உரமாகும்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. சணப்பையும் தக்கைப்பூண்டும் நஞ்சை உழவர்கள் அறியாதவையா? ஆனால் இதை நம் கோவில் நிலத்தில் செய்விப்பது எளிதாக இல்லை. காரணம் மழையுமன்று, விதையுமன்று; ஏலம்.

இந்த ஏழு ஏக்கரும் நான்கு தலைமுறைக்கு முன் ஒரு குடும்பத்தார் கோவிலுக்கு எழுதி வைத்தவை. ஆண்டுதோறும் இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, அதாவது ஜூன் 29ஆம் நாள், திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஓராண்டுக் குத்தகைக்கு ஏலம் நடக்கும். பேதுரு, பவுல் என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், ஏலத்தைப் பொறுத்தமட்டில் மக்களுக்கு அது இராயப்பர் திருநாள்தான். கிடைக்கும் தொகை ஏழைப் பிள்ளைகளின் கல்வி நிதிக்குப் போகிறது. இவ்வாறு, சித்திரையில் காணம் விதைப்பவர் ஒருவர். ஆனியில் ஏலம் எடுப்பவர் மற்றொருவர். புரட்டாசியில் உழுது பயன் கொள்பவர் அந்த மற்றொருவர்.

சென்ற ஆண்டுகளில் நிலத்தை எடுத்திருந்த பெரியவரிடம் இதுபற்றிப் பேசினோம். அறுபதைக் கடந்தவர், அண்ணாச்சி என்றே அவரை அழைப்போம். அவர் நம் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி சொல்லுதீய, சரிதான். அறுக்கதுக்கு வெதைக்கச் சொல்லுங்க, வெதைக்கேன். மடக்கி உழுகதுக்கு வெதைக்கச் சொன்னா, உழப் போறவன் எவனோ? இராயப்பர் திருநாளைக்கு எவன் பேருக்கு விழுமோ?" என்றார்.

அவர் மறுத்ததில் பிழையில்லை. ஓராண்டுக்கு மட்டும் உரிமை பெற்றவன் ஓராண்டில் எடுக்கக்கூடியதை எடுப்பான். கடன் வாங்கி ஏலத்தொகை கட்டும் ஏழை உழவனிடம் போய், அடுத்தவனுக்காக விதை என்று அறிவுரை கூறுவது, பசித்தவனிடம் நோன்பின் பெருமையைப் பேசுவதற்கு ஒப்பாகும். நிலத்தை வெறுமையாக்கியது அவர் கையன்று. நாம் வகுத்த கால அளவு. இன்னொன்றும் நமக்கு அப்போது உறைத்தது. நம்மைப் போன்ற பங்குக் குருக்களுக்கு ஆயர் இல்லத்திலிருந்து மாற்றல் கடிதம் வருவதும் அதே வைகாசி, ஆனியில்தான். ஐந்தாறு ஆண்டுக் குத்தகை. கொடியேற்றத்துக்குப் புதுக் கொடிமரம் நட்ட குருவின் பெயர் கல்வெட்டில் இருக்கும். மண்ணுக்குள் மடக்கி உழுத குருவின் பெயர் எங்கே இருக்கும்?

லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை நாம் குருமடத்தில் படித்தபோது ஏழாம் ஆண்டு ஓய்வைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் எழுதித் தேர்வில் தேறினோம். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்று ஆண்டவர் கூறும் பொருள் அங்கேதான் வருகிறது. குத்தகைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிப்பது வேறு அனுபவம்.

விவகாரத்தைப் பங்குப் பேரவையில் வைத்தோம். மூன்றாண்டுக் குத்தகை, ஒவ்வோர் ஆண்டும் கோடையில் காணம் விதைக்க வேண்டும், விதைச் செலவு பங்கினுடையது, இதுவே நம் கோரிக்கை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், பொது அறக்கட்டளைகளின் விளைநிலங்களைக் குறித்து 1961இல் வந்த சட்டத்தையும் சுட்டிக்காட்டி, நீண்ட நாள் குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பாது என்று எச்சரித்தார். ஏழை உழவனை நினைத்தபோதெல்லாம் வெளியேற்றாதிருக்க எழுந்தது முதற்சட்டம். அதற்கு அஞ்சிய நிலவுடைமையாளர் கண்ட குறுக்குவழி ஓராண்டு ஏலம். அக்குறுக்குவழியில் கோவிலும் நடக்க வேண்டுமா என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்று வற்புறுத்தினார். அது நியாயமே.

கடினமான கேள்வியைக் கேட்டவர் மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார். "நிபந்தனை போட்டா ஏலம் கொறையும். கொறையுற பணம் எந்தப் பிள்ளையோட ஃபீஸ்?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. மண் மெலிந்தால் பத்தாண்டில் ஏலமே கேட்க ஆளிராது என்று நாம் சொன்னோம். பத்தாண்டில் அந்தப் பிள்ளைக்குக் கலியாணமே முடிந்துவிடும் என்றார் அவர். அவர் சொன்னதும் உண்மை. இவ்வாண்டுப் பிள்ளைக்கு உரியதை எடுத்துப் பத்தாண்டுக்குப் பிற்பட்ட மண்ணுக்குக் கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது? இக்கேள்விக்கு இறையியல் நூல்களில் விடை தேடுவதைவிட வரவு செலவு ஏட்டில் தேடுவது மேல் என்று உபதேசியார் ஏட்டை விரித்தார். திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு, சப்பரம் புறப்படும்போது வெடிக்கும் வாணவேடிக்கைச் செலவு அதில் இருந்தது. இளைஞர்கள் முகம் வாடியது. வேட்டு இல்லாமல் சப்பரமா? பாதி வேட்டு என்று இறுதியில் முடிவாயிற்று. ஏலத்தொகை உண்மையிலேயே குறைந்தது. குறைந்த தொகையைப் பாதி வேட்டு ஈடுசெய்தது. அவ்வாண்டுத் திருவிழாவில் நம்மை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்காத இளைஞர்கள் சிலர் உண்டு.

மூன்றாண்டுக்கு நிலத்தை எடுத்தவர் அதே அண்ணாச்சிதான். அடுத்த சித்திரையில் மழை நம்மைக் கைவிடவில்லை. ஏக்கருக்கு 10 கிலோவாக 70 கிலோ விதை. தானியத்துக்கு இவ்வளவு வேண்டாம், மூடுவதற்கு வேண்டும். ஆடி பிறந்தபோது பக்கத்து நிலங்களெல்லாம் செம்மை பாரித்திருக்க, நம் நிலம் மட்டும் பசுமையாய்க் கிடந்தது.

அதுவே அடுத்த வழக்கைக் கொண்டுவந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் குடியிருக்கும் கைம்பெண் ஒருவர், மூன்று வெள்ளாடுகளே சொத்தாகக் கொண்டவர், பங்கு இல்லத்துக்கு வந்தார். ஆடி மாதத்தில் ஊரில் ஒரு பச்சை இல்லை. கோவில் நிலத்தில் மட்டும் மடி மடியாய்க் கிடக்கிறது. "இதயா சாமி மண்ணுக்குள்ள போட்டு உழப் போறீய? வாயில்லாச் சீவன் வரப்புல நின்னு பாத்துக்கிட்டே நிக்கி" என்றார். நாம் பேரவையில் எடுத்துக்காட்டிய அதே திருச்சட்டம் இப்போது நம்மை நோக்கித் திரும்பியது. விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம், ஓய்வாண்டில் தானாக விளைவதை மண்ணுக்கென்று ஒதுக்கவில்லை. முதலில் மக்களுள் எளியோருக்கும், எஞ்சியதை விலங்குகளுக்கும் ஒதுக்குகிறது. இது நாம் விதைத்தது, தானாக விளைந்ததன்று என்று வாதிட வழியுண்டு. அந்த அம்மையாரின் முன் நின்று அவ்வாறு வாதிட நமக்கு நா எழவில்லை.

அண்ணாச்சியோ ஒப்பவில்லை. ஒருவரை விட்டால் ஊரே அரிவாளோடு வரும். ஆட்டின் வாய் பட்ட கொடி மீண்டும் தழையாது. மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டவர் தாம், சாமியல்ல என்றார். மூன்றாண்டு உரிமையை நாமே கொடுத்துவிட்டோம் அல்லவா? அது ஓராண்டில் மனிதனை இவ்வளவு மாற்றும் என்பதைக் காண நமக்கு உள்ளூர மகிழ்ச்சி. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வரப்போரம், எட்டு முழ அகலத்துக்கு, ஆடு வளர்க்கும் கைம்பெண்கள் மட்டும் கையால் அறுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி தாமே முழக்கோலால் அளந்து குச்சி நட்டார். அளக்கும்போது ஏழு முழமாக்கப் பார்த்தார். அந்த அம்மையார் அருகிலேயே நின்றதால் இயலவில்லை.

அறுத்துச் செல்லலாம் என்றுதான் முடிவு. ஆட்டைக் கட்டி மேய்க்கலாம் என்று அன்று. எனினும் மாலை வேளைகளில் மூன்று வெள்ளாடுகளும் அந்த எட்டு முழத்துக்குள் கட்டப்பட்டிருப்பதை நாம் பங்கு இல்லத்து மாடியிலிருந்து கண்டோம். அண்ணாச்சியும் கண்டிருப்பார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. புரட்டாசி இரண்டாம் வாரத்தில் நல்ல மழை ஒன்று விழுந்த மறுநாள் அவர் மடக்கி உழுதார். வரப்போர எட்டு முழத்தில் மட்டும் கொடி இல்லை. ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அதையும் சேர்த்தே உழுதார்.